நீ நேர்ந்துகொண்ட முடி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

பெருமதிப்புக்குரிய அக்கா ஸ்டெல்லாமேரி அவர்களுக்கு, தம்பி தனிஸ்லாஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் வசந்தாவும் எங்கள் பிள்ளை, உன் மருமகள் ஃபாத்திமாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். அங்கே பாரிஸில் நீயும் மாமாவும் மாமாவின் முழங்காலும் சுகமாக இருக்கச் செபிக்கிறோம். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன். இதைக் குறுக்கே பேசி நிறுத்த உன்னால் முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் பிள்ளை ஒரு தெருப் பூனைக்குட்டியைத் தூக்கிவந்து தலையணையில் வைத்துக் கொஞ்சினாளே, அங்கே ஆரம்பித்தது. உச்சந்தலையில் எட்டணா அளவுக்கு முடி கொட்டிப்போனது. வீடியோவில் பார்த்துவிட்டு, "இது புழுவெட்டுடா, சின்ன வெங்காயத்த வச்சித் தேய், தன்னால மொளச்சிடும்" என்றாய். தேய்த்தேன். பிள்ளை கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் மிளகை அரைத்துப் பூசச் சொன்னாய், அதையும் பூசினேன், தலை கொழகொழவென்று வீங்கிச் சீழ் வைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு தோல் டாக்டரிடம் ஓடினோம். அந்த டாக்டரம்மா, "புழுவெட்டு இல்லீங்க, தலையில படர்தாமரை. மேல எதப் பூசினாலும் போவாது, உள்ளுக்கு மாத்திர சாப்புடணும். மெளகு தடவச் சொன்ன மகராசி யாரு?" என்று கேட்டார். உன் பெயரை நான் சொல்லவில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே.

மாத்திரையில் நோய் போய்விட்டது, முடிதான் வரவில்லை. மெதுவாகத்தான் வரும், மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். இனி யாருக்கும் ஒட்டாது என்று அவர் எழுதிக் கொடுத்தும் பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். கூடவே சாப்பிடும் பிள்ளைகூட டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். நீ ஆசையாக ஒரு கம்பளித் தொப்பி அனுப்பினாய், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு. அது கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கு வரை இறங்கியது. தூங்கும்போதும் அதைக் கழற்றமாட்டாள். விடிந்ததும் என் முன்னால் தலையைக் குனிந்து, "தொட்டுப் பாருப்பா, குத்துதா?" என்பாள். வழவழவென்று இருக்கும். குத்துது கண்ணு என்று பொய் சொல்வேன். ஒருநாள் நிஜமாகவே குத்தியது. வசந்தாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன் அக்கா. வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அழுதாள்.

இப்போது காதை மூடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சீழ் வைத்த இடத்தில் மட்டும் ஒரு திட்டு மொட்டையாகவே இருக்கிறது, அங்கே இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து முடியை இழுத்துவிட்டு அதை மறைக்கிறாள், என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தொப்பியை அவளே பரண் மேல் எறிந்தாள். கோயிலில் புதுநன்மை வாங்கும் அன்றைக்கு வெள்ளைப் பூ கிரீடம் வைக்கவேண்டும் என்று தினம் கண்ணாடியே கதி.

இந்த நேரம் பார்த்து ஊருக்கு வர டிக்கெட் போட்டுவிட்டேன் என்கிறாய். "முடி மொளச்சா அந்த முடியயே வேளாங்கண்ணி மாதாவுக்குக் குடுக்கறதா நேந்துகிட்டேன்டா. மொட்ட போடலன்னா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது, உனக்குத்தான் ஆவும்." ஸ்பீக்கர் போட்டிருந்தது, பக்கத்தில் பிள்ளை. பசிக்குச் சோறு கிடைத்தால் அந்தச் சோற்றையே கொட்டிவிடுகிறேன் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? என் தலையைக் கொடுக்கலாம் என்றால் அதில் மாதாவுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? வெள்ளியில் தலை உருவம் வாங்கிக் காணிக்கை போடுகிறேன் என்றேன், மாதாவையே ஏமாத்துறியா என்றாய். நம் கோயில் பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். "யாரு நேந்துகிட்டாங்களோ அவங்கதாம்பா குடுக்கணும். அடுத்தவங்க தலைய எப்படி நேந்துக்குவாங்க?" என்றார். ஆகவே அக்கா, மாதாவுக்குச் சேரவேண்டியது நீ பாரிஸில் சுருட்டிச் சாயம் போட்டிருக்கிறாயே, அந்த முடிதான். உன்னால் அது முடியாதென்றால் ஃபாத்திமாவைக் கூப்பிட்டு, வேண்டுதலை விட்டுட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். அப்பாவுக்கு என்னா ஆவும் என்று வசந்தாவை நச்சரிக்கிறாள், சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. உன் மேல் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். ஆண்டவர் உங்கள் வீட்டையும் முழங்காலையும், மனசு வைத்தால் உன் மொட்டைத் தலையையும் ஆசீர்வதிப்பாராக.

இந்த ஒரு விஷயம் நீங்கலாக உன் சொல் தட்டாத தம்பி,
தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். ஃபாத்திமா கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், கையில் வசந்தாவின் தையல் கத்தரி. தலையை ஒட்ட வெட்டிவிட்டாள், காதோரம் ரத்தம். கிளிப் வைக்கும் டப்பாவில் முடியை எல்லாம் அள்ளிப் போட்டு என்னிடம் நீட்டினாள். "அத்தைக்கு அனுப்பிடுப்பா. இனிமே உனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றாள். டப்பாவை இத்துடன் அனுப்புகிறேன். மேலே கேட்ட எதையும் நீ செய்யவேண்டாம். பரணிலிருந்து தொப்பியை இறக்கிக் கொடுத்தேன். வளர்ந்துவிட்டாள், இப்போது அளவாக இருக்கிறது.