கறை படாத பெயின்டர்

"இன்னும் எரியுதா?" என்று மனைவி கேட்டாள். அது அக்கறை இல்லை, குறுக்கு விசாரணை என்று பெயின்டருக்குத் தெரியும்.

"லேசா..."

"மாத்திரைதான் முடிஞ்சு போச்சே!"

சிறுநீர் போகும்போது எரிகிறது என்று டாக்டரிடம் போனதுதான் வினை. "பால்வினை நோயா இருக்கலாம். எதுக்கும் ரெண்டு பேருமே மாத்திரை சாப்பிடுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அன்றைக்கே பெயின்டரின் தலையணை ஹாலுக்கு வந்துவிட்டது. கல்யாணமான நாள் முதல் வேறொருத்தியை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன். அதை எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பது?

மறுபடி டாக்டரிடம் ஓடினார். "கிருமி எதுவும் இல்லை. சிலருக்கு எரிச்சல் கொஞ்ச நாள் இருக்கும். நிறையத் தண்ணி குடிங்க."

ரிப்போர்ட்டை மனைவியிடம் ஆசையாக நீட்டினார். "மாத்திரை போட்டப்புறம் பார்த்தா கிருமி எப்படி இருக்கும்? அதான் செத்துப் போயிருக்குமே" என்றாள்.

சரி, தண்ணீராவது காப்பாற்றட்டும் என்று பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். வேலை செய்யும் வீட்டில், ஜன்னல் கம்பிக்கு ஒரு கை பெயின்ட் அடிப்பதற்குள் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த அவசரத்திலும் கையைப் பளிச்சென்று துடைத்துக்கொண்டுதான் போவார். அடுத்தவர் வீட்டுத் தாழ்ப்பாளில் ஒரு சொட்டு பெயின்ட் படக் கூடாது. தொழிலில் அவ்வளவு சுத்தம்.

எரிச்சலோ இன்னும் கூடியது. அவர் இன்னும் குடித்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தீங்க, எரியல. வேலைக்குப் போனா மட்டும் எரியுது" என்று மனைவி துப்பைப் பிடித்தாள். "அந்த வீட்ல யாரு இருக்கா?"

"ரிட்டையர்டு வாத்தியாரு. பெரிய மீசை."

"அவரு பொண்டாட்டி?"

"அவருக்குக் கல்யாணமே ஆகலடி!"

மறுநாள் மச்சினன் கூடவே கிளம்பினான். இன்சூரன்ஸ் வேலையில் இருப்பவன், வேலை நாளில் லீவு போட்டுவிட்டு வருகிறானாம். "சும்மாதான் மாமா, பொழுது போகல" என்றான். கறுப்புக் கண்ணாடி வேறு.

வாத்தியார் வீட்டில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பீரோவைத் திறக்கப் போனவனை வாத்தியார் தடியோடு துரத்தினார். இந்த வேலையும் போச்சு, வாழ்க்கையும் போச்சு என்று பெயின்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து அதுவும் வந்தது. வழக்கம்போலத் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார்.

முகம் சுளித்துக்கொண்டு வெளியே வந்தபோது, பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்று அந்தத் துணியை மச்சினன் மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் போன், ஸ்பீக்கரில்.

"அக்கா, இங்க பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெயின்ட்டைக் கரைக்கிற தின்னர் இருக்குல்ல? மாமா பாத்ரூம் போறப்பல்லாம் அதுலதான் கையைத் துடைச்சுக்கிட்டுப் போறாரு. அந்தக் கை பட்டா எரியாம என்ன செய்யும்? சோப்பு போடுறதெல்லாம் வெளிய வந்தப்புறம்தான்!"

போனில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"தலையணையை உள்ள போட்டுட்டேன்னு சொல்லுடா. ஆனா, முதல்ல சோப்பு!"