கண் டாக்டரும் கறுப்புத் திரையும்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். இதை முழுவதும் படித்து முடிக்க உனக்குத் தெம்பு வேண்டும் என்பதற்காகவும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் பகுதித் தொலைக்காட்சிக்கு நீ ஒரு கணினியைப் பொருத்தி, எல்லாம் கட்டற்ற மென்பொருள், காசு கேட்காது, யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் கடைசியில் யாரும் திருத்தமாட்டார்கள் என்று கல்லூரி ஆசிரியர் குழுக்களில் காலம் தள்ளிய எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேபிள்காரர் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் சும்மா தருகிறார், நம் தெருக்காரர்கள் நம் தெருக்காரர்களிடம் பேச இருப்பது அது ஒன்றுதான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

படத்தை வெட்டி ஒட்டும் வேலையைத் தையல்கடை அம்மாவிடம் கொடுத்தோம். எங்கள் தெருவில் கண் டாக்டர் நடத்திய முகாமின் படத்தை அழகாகவே வெட்டி ஒட்டினார். முடித்த கையோடு, கடையில் மிச்சத் துணியைக் கூட்டித் தள்ளுவதுபோல, கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களையெல்லாம் அழித்துவிட்டார். அந்த மென்பொருள் சேமித்து வைப்பது துணியை அல்ல, எங்கே வெட்ட வேண்டும் என்ற அளவுக் குறிப்பை மட்டும்தான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லவில்லை. தனியாகப் பதிவு செய்த ஒலி மட்டும் பிழைத்தது. ஆகவே ஆறு மணிக்கு ஊர் முழுக்கக் கறுப்புத் திரை, அதன் பின்னாலிருந்து டாக்டர் பொறுமையாக, "இந்த வரிசை தெரியுதா? சரி, மேல பெருசா இருக்கே, அதுவாவது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார்.

இன்னொரு முறை திரை இருண்டால் அந்த நேரத்தை நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் கேபிள்காரர். நான் அந்த மென்பொருளின் இணைய மன்றத்தில் உதவி கேட்டு எழுதினேன். நிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது, தாராளமாகப் பாருங்கள் என்று ஒருவர் அன்போடு பதில் போட்டார். குளியலறை பல்பு எரியவில்லை என்றவளிடம் மின்நிலையத்தின் சாவியைக் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் தையல்கடை அம்மா பயந்துபோய் ஒரு துண்டுப் படத்தைக்கூட அழிக்கவில்லை. கணினி நிரம்பி வழிந்து, முடித்த படத்தை எழுத இடமில்லை என்று நின்றுவிட்டது. ஆறு மணியாகப் போகிறது. உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று நான் கேட்டுவிட்டேன்.

"அழிச்சாலும் திட்டுறீங்க, அழிக்கலைன்னாலும் திட்டுறீங்க. உங்க காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?"

நடுவில் சமாதானம் பேச வந்தவர் எங்கள் கேமராக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவரிடம், உங்களுக்கு விசில் ஊத மட்டும்தான் தெரியும் என்றேன். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாதவள் நான்.

"ஊதியிருந்தா உங்களை எப்பவோ இறக்கி விட்டிருப்பேன்மா" என்றார்.

அதன்பிறகு பேசியதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நெடுநேரம் கழித்து என் கணவர் வீட்டிலிருந்து போன் செய்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பேசு. முகம் சரியாத் தெரியல."

இருட்டாக மட்டும் விட வேண்டாமே என்று கண்டக்டர் எதையோ அமுக்கியிருக்கிறார். மேசைமேல் இருந்த கேமரா எங்கள் சண்டையை நேரடியாக ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. திங்கட்கிழமை என் மாணவிகள் எழுந்து நின்ற விதத்தில் இருந்த மரியாதையை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

நான் விலகுகிறேன். அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது என்றே வைத்துக்கொள். சனிக்கிழமை வந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடு. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் கணினிப் பக்கம் போகாமல் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் கேபிள்காரர் போன் செய்தார். ஊரில் ஒருவர்கூட சேனலை மாற்றவில்லையாம். நேரம் நம்முடையதேதானாம், கூடவே இன்னொரு அரைமணியும் தருகிறாராம், ஆனால் அதே மாதிரி இருக்க வேண்டுமாம். சண்டை போடுவதற்காக நான் படிக்கவில்லை என்றேன். போனில் அவருக்குப் பின்னாலிருந்து தையல்கடை அம்மா, "படிக்காமலேயே நல்லாத்தானே போட்டீங்க" என்றார். அதன்மேல் போனிலேயே மூண்ட சண்டை ஞாயிற்றுக்கிழமைச் சண்டையைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. ஆனால் அது ஊருக்குத் தெரிய வேண்டுமே, அன்றைக்கு எதை அமுக்கினார் என்று கண்டக்டருக்கே நினைவில்லை. பெட்டியைத் தூக்க வராதே. அந்தப் பொத்தான் எது என்று காட்ட வா.