சூப்பர்வைசர் அக்காவுக்கு நாலு குஞ்சு

கோழிகளுக்கு ஆளைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது? நான் "பா... பா..." என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாலும் என் கோழி தலையைக்கூடத் திருப்பாது. அடுத்த வீட்டு சூப்பர்வைசர் அக்கா ஒரு விசில் ஊதினால் வேலி தாண்டி ஓடும். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரகடம் வட்டாரத்தில் எத்தனையோ கம்பெனிகள். சேரப்பணஞ்சேரியில் அக்காவின் கொல்லை நடக்கிற ஒழுங்கில் ஒன்றுகூட நடக்காது. ஏதோ கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வேலையிலிருந்து நின்றவர், நிற்கும்போது கம்பெனியையே வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். காலையில் கூட்டைத் திறந்தால் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அடைகாக்கும் கோழி ஓ.டி.யில் இருக்கிறது. காக்கை வந்தால் ஆடிட். சேவலின் பெயர் மேனேஜர்.

"ஏன்க்கா மேனேஜர்?"

"பின்ன? காலைல வந்து கத்தும். நாள் பூரா நெஞ்ச நிமித்திக்கினு நடக்கும். ஒரு முட்டை வுட்டுக்கீதா?"

அவருடைய சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைக்கு இருங்காட்டுக்கோட்டையிலிருந்துகூட பைக்கில் ஆள் வரும். குழந்தை பிறந்ததும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலையை விட்ட எனக்கு, ஜன்னல் வழியே அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். என் கையாலும் ஒன்று உருப்பட வேண்டாமா? ஒரு கோழி வாங்கினேன். அது அடைக்கு உட்கார்ந்ததும் அக்காவிடமே ஒன்பது முட்டை வாங்கினேன். அதே நாளில் அவரும் ஒரு கோழியை அடை வைத்தார். அவருக்கே தெரியாமல் போட்டி தொடங்கிவிட்டது.

நான் படித்தவள் ஆயிற்றே! ஒன்பது முட்டையையும் பால் பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் அலசி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதி வைத்தேன். அப்புறமும் மனம் அடங்கவில்லை. மணிக்கொரு தரம் கோழியைத் தூக்கி, முட்டை சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பவள், கோழியை மட்டும் நம்பிவிடுவேனா?

அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார். "இன்னா கண்ணு, லைன் ஓடிக்கினு இருக்கும்போது மெஷின தொறந்து பாப்பாங்களா? அத்த வுடு!"

அடை வைத்த இருபத்தோராம் நாள், குஞ்சு பொரிக்க வேண்டிய அன்றைக்கே, குழந்தைக்குத் தடுப்பூசி. கோழியை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கூடையில் ஏழு குஞ்சு!

"ரெண்டு கூமுட்டை. ஓடெல்லாம் நானே வாரிக் கொட்டிட்டேன்" என்றார் அக்கா.

"உங்களுக்கு எத்தனைக்கா?"

"நாலு."

நாலு! வைத்ததெல்லாம் பொரிக்கும் அக்காவுக்கு நாலு! குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அதோடு நிறுத்தினேனா?

"சுத்தம்தான்க்கா முக்கியம். நீங்க முட்டையைக் கழுவுறதே இல்ல." வாசலில் நிற்க வைத்து வகுப்பெடுத்தேன்.

அக்கா நெற்றியைச் சுருக்கி, கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்டியா கண்ணு? அடுத்த தபா நானும் கழுவிப் பாக்குறேன்."

தெரு முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, அடுத்த வாரம், அவர் கொல்லை எருக்குழியில் காய்த்தோல் கொட்டப் போனேன். குழியில் ஒன்பது முட்டைகள். ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஒன்பதிலும் பென்சிலில் தேதி, என் கையெழுத்தில்.

நாலும் ஏழும் பதினொன்று. தன் கோழி பொரித்த பதினொன்றில் ஏழை எடுத்து என் கோழிக்கு அடியில் தள்ளிவிட்டிருக்கிறார் மனுஷி. அதுவும் தான் பொரித்ததாக நினைத்துக்கொண்டது. நானும்தான்.

அந்த ஏழில் நாலு பெட்டைகள் இப்போது முட்டை வைக்கின்றன. பைக்கில் வருகிறவர்களிடம் அக்கா, "அந்தப் பொண்ணுகிட்ட வாங்குப்பா, நல்லா வளக்குது" என்று என் வீட்டைக் காட்டுகிறார். கோழி வளர்ப்பதில் மட்டும்தான் அவர்மேல் பொறாமை என்றிருந்தேன். இப்போது இந்த மனசும் சேர்ந்துகொண்டது.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடவா? சொல்லாமல் இருந்தால் நான் பொய்க்காரி. சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடுமோ என்று பயம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், எழுதுங்கள். அவர் மனம் நோகாத வழியாக மட்டும் சொல்லுங்கள்.