சூசையப்பருக்கு நான் போட்ட லைட்

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஓர் இளைஞன் பகல் பத்து மணிக்கு வீட்டில் இருந்தால் அவனுக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும், அல்லது விசாவுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது உருப்படாதவனாக இருக்க வேண்டும். நான் மூன்று வருடம் பகல் பத்து மணிக்கு வீட்டில் இருந்தேன். காய்ச்சல் அவ்வளவு காலம் நீடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். விசா இல்லை என்பதை அம்மாவிடம் கேட்டே தெரிந்துகொண்டார்கள். மிச்சத்தை லேன் முழுவதும் தானாகவே முடிவு செய்துகொண்டது.

உண்மையில் நான் வேலைதான் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் சின்னச் சின்னச் சதுரங்களாகப் படம் கீறி, அதை வைத்துத் தனி ஆளாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தேன். இதற்குப் பிக்சல் ஆர்ட் என்று பெயர். பழைய வீடியோ கேம்களில் பார்த்திருப்பீர்கள், கண்ணுக்கு ஒரு சதுரம், மூக்குக்கு ஒரு சதுரம். ஒரு மனிதன் நடக்க எட்டுப் படம் கீற வேண்டும். அவன் குடையோடு நடக்க இன்னும் எட்டு. (கேமில் மழையே பெய்யாது. குடை எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு மாதம் போனது.)

கேமின் கதை இதுதான்: துறைமுகத்தில் வந்திறங்கும் கொள்கலன்களுக்குள் பேய்கள் ஒளிந்திருக்கின்றன. கையில் அட்டையும் பென்சிலுமாக ஒரு வயதான கிளார்க், ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பேய்களைப் பிடித்து வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். என் அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு நாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆரடா இந்தத் தொந்திக் கிழவன்?" என்றார்.

"சும்மா ஒரு ஆள் அப்பா."

"பாக்க ஒரு வடிவும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் தொந்தியோடு போய்விட்டார்.

அப்பாவின் சிநேகிதர் ஸ்டான்லி அங்கிள். சுங்கத்தில் இருந்து மற்றவர்களின் சரக்கை எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஒப்பீஸ் ஒன்று வைத்திருந்தார். "ஸ்டான்லி உனக்கு ஒரு கதிரை வெச்சிருக்கிறான்" என்பது எங்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்படும் வசனம். அந்த நாற்காலியை நான் கண்டதே இல்லை. ஆனால் அதை நினைத்தாலே முதுகு வலிக்கும்.

அந்த வருடம் எங்கள் லேன் கோடியில் இருக்கும் சூசையப்பர் சிற்றாலயத்தின் திருவிழாக் குழுவுக்கும் ஸ்டான்லி அங்கிள்தான் தலைவர். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று, வருடா வருடம் ஒரே சீரியல் பல்ப்தானா, புதுசாக ஏதும் செய்ய வேண்டும் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடியிருந்தால் இன்றைக்கு நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

"அங்கிள், பல்ப் எண்டாலும் பிக்சல்தான். நாப்பது பல்ப் அகலம், அம்பது பல்ப் உயரத்துக்கு ஒரு போர்ட் அடிச்சா, கலர்ல சூசையப்பரையே கொண்டு வரலாம். நான் செய்து தாறன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வேலைக்கும் கண்ணால் காணக்கூடிய ஒரு பொருளுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "இங்க பார். இது சரியா வந்தா ஒரு வருஷத்துக்கு நான் வாயே திறக்க மாட்டன். நீ உன்ட பேய்க் கதையை முடி. பிழைச்சா, திருவிழா முடிஞ்ச திங்கக்கிழமையே ஸ்டான்லிட ஒப்பீஸ். சரியோ?"

"ஓம் அப்பா" என்றேன். கேமை முடிக்க எனக்குச் சரியாக ஒரு வருடம்தான் தேவைப்பட்டது. கடவுளே இறங்கி வந்து கேட்டது மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் சாப்பாடு தண்ணீர் மறந்து சூசையப்பரைக் கீறினேன். தாடிக்கு மட்டும் நான்கு பழுப்பு. வலது கையில் லீலிப் பூ, இடது கையில் அவர் வளர்த்த குழந்தை இயேசு. கீழே வாழ்த்து வரி. திரையில் பார்த்தால் எனக்கே கும்பிட வேண்டும் போல இருந்தது.

போர்டில் பல்ப் கோர்த்தவர் நிஹால் அய்யே, சிங்களவர். பௌத்தர்களின் வெசாக் பண்டிகைத் தோரணங்களுக்கு லைட் போட்டுப் போட்டே தலை நரைத்த மனிதர். திருவிழாவன்று பின்னேரம் அவர் ஏணியில் நின்று கடைசி வயரை முறுக்கியபடி கேட்டார்: "மல்லி, வயர் எக்க மெஹென் கிஹில்லா ஆபஹு மெஹென் எனவா. ஹரித?" தம்பி, வயர் இப்படிப் போய், அப்படித் திரும்பி வருகிறது, சரிதானே என்று கேட்கிறார். மனிதர் தெளிவாகத்தான் கேட்டார். கையாலும் காட்டினார்.

நான் லப்டொப்பில் தாடிக்கு ஐந்தாவது பழுப்பு தேடிக்கொண்டிருந்தேன். "ஹரி அய்யே, ஹரி" என்றேன். (இந்த இரண்டு 'ஹரி'க்கும் நான் கொடுத்த விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

எல்லாப் பல்பையும் ஒரே வெள்ளையாகப் போட்டுப் பார்த்தோம். எரிந்தன. சிவப்பு, நீலம், எரிந்தன. படத்தையும் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம் என்றார் நிஹால் அய்யே. நான் விடவில்லை. பவனி லேனுக்குள் திரும்பும் அந்த நிமிடத்தில்தான் சனம் முதன்முதலாகப் பார்க்க வேண்டும், அதற்கு முன் ஒரு கண்ணும் படக்கூடாது என்று தடுத்துவிட்டேன். எனக்குள் அப்போது ஒரு பெரிய கலைஞன் குடியிருந்தான். அவனை இப்போது கண்டால் செருப்பால் அடிப்பேன்.

ஏழு மணிக்குத் திருச்சொரூப பவனி லேனுக்குள் திரும்பியது. பாண்ட் முன்னால், பாதர் அதற்குப் பின்னால், அவருக்குப் பின்னால் சூசையப்பரின் சொரூபம். சொரூபத்தைச் சுமந்தவர்களில் முன்வரிசை வலப்பக்கம் என் அப்பா, வெள்ளைச் சட்டையில். ஸ்டான்லி அங்கிள் எனக்குத் தலையசைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

முகம் வந்தது. முகம் நன்றாகவே வந்தது. அதற்குக் கீழேதான் விபரீதம். சூசையப்பரின் இடது கையில் ஒரு குழந்தை. வலது கையிலும் ஒரு குழந்தை. இரண்டும் கோடு கோடாக, சீப்பால் வாரிய மாதிரி. இரண்டின் தலையையும் பிளந்துகொண்டு லீலிப் பூ முளைத்திருந்தது. கீழே இருந்த வாழ்த்து வரி எந்த மொழி என்றே தெரியவில்லை.

நடந்தது இதுதான். நான் அனுப்பிய படம் ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகவே அனுப்பும். நிஹால் அய்யேயின் வயர் முதல் வரியில் இடமிருந்து வலம் போய், இரண்டாவது வரியில் வலமிருந்து இடம் திரும்பி வரும். லைட் வேலை செய்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் கோர்ப்பார்கள், வயர் மிச்சம். ஆகவே ஒரு வரி விட்டு ஒரு வரி கண்ணாடியில் பார்ப்பது போல மாறி விழுந்துவிட்டது. அவர் கேட்டது இதைத்தான்.

பாண்ட் தொடர்ந்து வாசித்தது. ஆனால் சனம் செபத்தை நிறுத்திவிட்டது. எங்கள் முன்வீட்டு பிலோமினா அன்ரியின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஐயோ கர்த்தரே! சூசையப்பருக்கு எப்பயிருந்து ரெட்டைப் பிள்ளை?"

"அதென்ன அதுகள்ட தலையில? கொம்போ?" என்றது இன்னொரு குரல்.

"பூ அன்ரி! அது பூ!" என்று கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை.

அந்த நிலையிலேயே லைட்டை அணைத்திருக்கலாம். ரெட்டைப் பிள்ளையோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரு வருடம் கையை விட்டுப் போகிறதே! ஒரு வரி விட்டு ஒரு வரியைத் திருப்பி இன்னொரு படமாகச் சேமித்தால் சரியாகிவிடும், அரை நிமிட வேலை. செய்தேன். நெற்றியிலிருந்து வியர்வை கீபோர்டில் விழுந்தது. புதுப் படத்தை அழுத்துவதற்குப் பதிலாக அதற்கு அடுத்ததை அழுத்தினேன்.

அடுத்ததாக இருந்தது என் கேமின் கடைசிப் பேய்.

அது ஏன் அங்கே இருந்தது என்றால், பச்சை நிறம் பல்பில் எப்படி வரும் என்று யோசித்து, கைக்குக் கிடைத்த பச்சைப் படத்தைப் போர்டின் அளவுக்கு வெட்டி அதே இடத்தில் போட்டு வைத்திருந்தேன். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சோம்பலில் நான் பேய்களைப் பாதிதான் கீறுவேன். மற்றப் பாதியைக் கண்ணாடிப் பிரதியாகத் திருப்பி ஒட்டிவிடுவேன். அதனால் என் பேய்களுக்கு இடமும் வலமும் அச்சொட்டாக ஒன்று. வயர் எந்தப் பக்கம் போனால் என்ன, எந்தப் பக்கம் திரும்பினால் என்ன, ஒரு பல்ப் பிசகாமல் வந்து நின்றது. இரண்டு கொம்பு, சிவந்த கண், நெஞ்சுவரை தொங்கும் நாக்கு. இரண்டாயிரம் பல்பில், பச்சைப் பசேலென்று.

பாண்ட் நின்றது. கடைசியாக நின்றது டிரம்பெட்காரர், அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். பாதர் அசையவில்லை. பின்வரிசைப் பெண்கள் பேயை விரட்டும் மிக்கேல் சம்மனசானவரை நோக்கிச் செபம் தொடங்கிவிட்டார்கள். ஏணியில் நின்ற நிஹால் அய்யே மட்டும், கோடு போய்ப் படம் சுத்தமாக வந்த சந்தோஷத்தில் கைதட்டினார்.

"ஹரி, ஹரி! தென் ஹரி மல்லி!" இப்போதுதான் சரியாம்.

நான் அணைக்கும் பொத்தானை அழுத்தினேன். லப்டொப் இறுகிவிட்டது. இன்னும் அழுத்தினேன். பேய் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு நேரெதிரே, தோளில் சொரூபத்தோடு என் அப்பா. முகத்தை மூடிக்கொள்ளவும் முடியாது, கையில் சூசையப்பர். அவர் மேலே அந்தப் பேயைப் பார்த்தார், பிறகு கீழே என்னைப் பார்த்தார். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

கடைசியில் ஸ்டான்லி அங்கிள் ஓடிப்போய் மெயின் வயரையே பிடுங்கினார். பேய் மட்டுமல்ல, லேனில் அன்றைக்குக் கட்டியிருந்த லைட்டும் ஒலிபெருக்கியும் சேர்ந்து செத்தன. சொரூபம் சிற்றாலயத்துக்குத் திரும்புமுன் வெள்ளவத்தையில் இருக்கும் என் சின்னம்மா அம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததாம். "அக்கா, உங்கட லேன்ல என்ன திருவிழா நடக்குது?"

அன்றைக்கு அப்பா ஏசவில்லை. அம்மா யாரும் கேட்காமலே என் நீளக்கைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணத் தொடங்கினார். அந்த அயர்ன் பெட்டியின் சத்தம் கேட்டதும் நான் பாத்ரூமுக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கத்துக்கு அழவில்லை. அந்த ஒரு வருடத்துக்காக அழுதேன்.

திங்கட்கிழமை கதிரையைக் கண்டேன். நினைத்ததை விட மோசம், ஒரு கால் ஆடியது. இது நடந்து ஐந்து வருடமாகிறது, இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கையில் அட்டையும் பென்சிலுமாகக் கொள்கலன் கடதாசிகளைச் சரிபார்க்கிறேன். பேய்தான் ஒன்றையும் காணோம். வேலை முடிந்து வந்து கேமைத் தொடரலாம் என்று ஆறு மாதம் முயன்றேன். லப்டொப்பைத் திறந்து பத்து நிமிடத்தில் குறட்டை விட்டால் எந்தக் கேம் முடியும்? அது அப்படியே கிடக்கிறது.

லேனில் என் பெயர் 'பேய் போட்ட ஜெராட்'. கல்யாணம் பேச வந்தவர்களிடம் கூட யாரோ அந்த வீடியோவைக் காட்டிவிட்டார்கள். ஆனால் உச்சக்கட்டம் ஈஸ்டர் பூசைதான். ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது பாதர், "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்பார். உடனே கோவில் முழுவதும் திரும்பி என்னைத்தான் பார்க்கும். நான் எல்லோரையும் விடச் சத்தமாக, "விட்டுவிடுகிறேன்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பாதர் அடுத்த கேள்விக்குப் போகவே மாட்டார்.

இந்த வருடமும் எல்லோரும் திரும்பினார்கள். நானும் தொண்டை கிழியச் சொன்னேன். சனம் சிரித்து முடித்துத் திரும்பிய பிறகு, பக்கத்தில் நின்ற அப்பா, பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்.

"எண்டாலும், அந்தப் பேயை நல்லாத்தான்டா கீறியிருந்தாய்."

பாதரின் அடுத்த கேள்வி, கடவுளை விசுவசிக்கிறீர்களா என்பது. அப்பாவையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றதில் அதற்கு மட்டும் பதில் சொல்ல மறந்துவிட்டேன். பிலோமினா அன்ரி கவனித்துவிட்டார்.