பிழைக்காசர் போட்ட கடைசித் தரம்

பழப்புளி செம்பில் பட்டால் ஒரு வாசம் எழும். பாதி புளிப்பு, பாதி இரத்தம். தைப்பொங்கலுக்கு முந்திய கிழமையில் மணி அக்கா கிணற்றடியில் குந்தியிருந்து மினுக்கத் தொடங்கினால், அந்த வாசம் வேலிக் கதியால்களுக்குள்ளால் நுழைந்து என் மேசைக்கு வந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த வரி அந்தரத்தில் நிற்கும். அவளுடைய மனுசன், செத்துப்போன பிழைக்காசர், என் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்.

பிழை பார்ப்பதற்கென்றே கடவுள் படைத்த ஆள் இந்தக் குடாநாட்டில் அவர் ஒருவர்தான். மற்ற நாங்களெல்லாம் பொழுதுபோக்குக்குப் பிழை பிடிப்பவர்கள்.

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் சின்ன மருந்துக்கடை அவருக்கு. பலகையில் அவருடைய சொந்தப் பெயர் எழுதியிருந்தது; அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. அவர் சேர்த்தது காசு. அதிலும், பிழையாக அச்சடிபட்ட காசு. அச்சு ஒரு கணம் விலகி, தலை ஒரு பக்கம் சரிந்து, விளிம்பில் வெறும் தகடு பிறைபோலத் தெரிந்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு தேவையில்லை. கோடிக்கணக்கில் சரியாக வந்த காசுகளை அவர் மதித்ததில்லை.

“சரியா வாறதுக்கு மெசின் காணும்,” என்பார். “பிழையா வாறதுக்குத்தான் தலையெழுத்து வேணும்.”

ஒருமுறை பல்வலியோடு போனேன். கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. குளிசைக்குச் சில்லறை நீட்டினேன். மனிதர் குளிசைப் பெட்டியைத் திறக்கவேயில்லை. கண்ணில் பூதக்கண்ணாடி வில்லையைச் செருகிக்கொண்டு என் இரண்டு ரூபாய்க் குற்றியைத் திருப்பினார், சாய்த்தார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“அண்ணை, பல்லு...”

“பல்லு வாய்க்குள்ளைதானே இருக்கப்போகுது, தம்பி. உந்தக் குற்றி நாளைக்கு ஆரின்ரை கையிலையோ.”

எனக்குப் பின்னால் நின்ற வெங்காயக்காரி கேட்டாள்: “அப்ப என்ரை காய்ச்சல்?”

“அதுவும் நிக்கும். அவசரப்படாதை.”

கோயிலிலும் இதே கூத்துத்தான். தீபத்தட்டு வந்தால் எல்லோரும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். இவர் தட்டில் கிடக்கும் சில்லறையைக் குனிந்து பார்ப்பார். ஐயர் ஒருநாள் பொறுமை இழந்து, “சுவாமி அந்தப் பக்கம் இருக்கிறார்,” என்றார்.

“அவர் இருப்பார் ஐயா,” என்றார் பிழைக்காசர்.

காசுக்கு அவர் போடும் தரம் நான்கு. கைபடாதது, லேசாத் தேய்ஞ்சது, அரைத்தேய்வு, முகம் அழிஞ்சது. இந்தத் தராசில் ஊரையே நிறுத்தார். வடை, மாம்பழம், மேளக்கச்சேரி, மனிதர், ஒன்றையும் விடவில்லை. என்னை அரைத்தேய்வில் வைத்திருந்தார். “எழுத்து இன்னும் வாசிக்கலாம்,” என்று ஆறுதலும் சொன்னார்.

கனடாவிலிருந்து வந்து நின்ற ஒரு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டார் கடைக்கு வந்தார்கள். “பெடியன் எப்பிடி?” என்று கேட்டார்கள். பிழைக்காசர் கண்ணைச் சுருக்கி யோசித்தார்.

“கைபடாதது எண்டு நான் சொல்லமாட்டன்.”

சம்பந்தம் அந்த இடத்திலேயே நின்றது. பெடியனின் தகப்பன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “ஒரு சொல்லுக் கூட்டிச் சொன்னா நீர் குறைஞ்சோ போவீர்?”

“தரத்திலை பொய் சொல்லேலாது. ஒருக்காச் சொன்னனெண்டால், இவ்வளவு காலமும் நான் சொன்னது ஒண்டும் நிக்காது.”

அவர் கோபப்பட்டு யாரும் கண்டதில்லை. அழுது கண்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற வங்கி மனேச்சர் ஒருவர், தகப்பன் வைத்துவிட்டுப் போன செப்புக்காசு ஒன்றைப் பளபளவென்று மினுக்கிக்கொண்டு வந்து பெருமையோடு மேசையில் வைத்தார். பிழைக்காசர் எழுந்து நின்றார். செத்த வீட்டில் கேட்பதுபோல, தாழ்ந்த குரலில், “எப்ப நடந்தது?” என்றார்.

“நேற்றுத்தான். ஏன்?”

“செம்பிலை படியிற கறுப்பு ஊத்தை இல்லை, ஐயா. அது காசின்ரை வயசு. மினுக்கினால் காசு செத்துப்போம். பிறகு அதுக்குத் தரம் இல்லை.” கண்ணைத் துடைத்தார். மனேச்சர் ஒன்றும் புரியாமல் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் மணி அக்காவுக்குக் காசுகளைப் பார்க்க அனுமதி உண்டு, தொட இல்லை. அவளுடைய விரலில் எப்போதும் எண்ணெயோ மிளகாய்த்தூளோ இருக்கும் என்பது அவர் கட்சி. எடுத்தால் விளிம்பில்தான் பிடிக்கவேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது.

“காசின்ரை முகத்தை வில்லை வைச்சுப் பாக்கிறார். என்ரை முகத்தை எப்ப கடைசியாப் பாத்தவர் எண்டு கேளும், தம்பி,” என்பாள் அக்கா. அவர் காசைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். மினுக்கினால் காசுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல்போனது அதனால்தான்.

சண்டைக்குப் பயந்து ஊரெல்லாம் இடம்பெயர்ந்து மழையில் தென்மராட்சிக்கு நடந்தபோது அக்காவின் தலையில் அரிசிச் சாக்கு. அவர் மார்போடு அணைத்துக்கொண்டு போனது காசுகள் போட்ட ஒரு பிஸ்கற் ரின். மேலே துவாய் போர்த்தியிருந்தார்.

“பாவம், அந்த மனுசன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போறார் எண்டு சனம் வழிவிட்டது,” என்று அக்கா பிறகு சொல்லியிருக்கிறாள். “எங்களுக்குப் பிள்ளை இல்லை. நானும் வாய் திறக்கேல்லை. கொஞ்சத் தூரம் அப்பிடியே நடந்தம்.”

அந்த ரின்னுக்குள் அவருடைய உயிர் ஒன்று கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து அரைச்சதம். அச்சு விலகி, இராணிக்கு நெற்றியே இல்லை. பின்னால் ஒரு பனை. நூறு வருசக் கறுப்பு அதில் மாலைநேரம்போலப் படிந்திருந்தது.

பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். பார்க்கப் போனேன். தன்னுடைய தரத்தைத் தானே சொன்னார்: “முகம் அழிஞ்சது, தம்பி.” பிறகு, “ஒருக்கா அந்த ரின்னைக் கொண்டுவாரும். கண்ணாலை பாக்கவேணும்,” என்றார்.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது அந்த வாசம் படலையிலேயே என்னைப் பிடித்தது.

கிணற்றடியில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் காசுகள். ஒவ்வொன்றும் நேற்றுப் பிறந்ததுபோல வெயிலில் எரிந்தது. மணி அக்காவின் ஒரு கையில் புளி, மறு கையில் தேங்காய்த் தும்பு. விரல் நுனிகள் ஊறி வெளிறியிருந்தன.

“எப்பிடி இருக்கு? முந்தநாள் தொடங்கினனான். இவ்வளவு காலமும் ஊத்தையோடையே வைச்சிருந்தவர். நான் கை கழுவிப்போட்டுத்தான் தொட்டனான், சொல்லும் அவருக்கு. இதைப் பாத்தால் மனுசன் எழும்பி இருப்பார், என்ன?”

அரைச்சதத்தைத் தேடினேன். இராணி சிரித்துக்கொண்டிருந்தாள். பனையின் உடம்பெல்லாம் தும்பின் கீறல்.

ஓட்டோவில் வழிநெடுக ரின் அவள் மடியில் குலுங்கிக்கொண்டு வந்தது.

கட்டிலில் அவர் மூடியைத் திறந்தார். திறந்தபடி இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் இருமல் ஓய்ந்து மறுபடி தொடங்கியது. அரைச்சதத்தை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். வில்லையைக் கேட்டார், கொடுத்தேன். காசைப் பார்த்தார். பிறகு வில்லையை எடுக்காமலே தலையைத் திருப்பி, கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அக்காவின் விரல்களைப் பார்த்தார். காசைவிட நெடுநேரம் அவற்றைத்தான் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, சும்மா பாத்துக்கொண்டிராமல் தரத்தைச் சொல்லுங்கோவன்.”

“கைபடாதது,” என்றார்.

“எல்லாமோ?”

“ஓம். எல்லாம்.”

அக்காவின் முகம் துலங்கியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவள் வெந்நீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, கலியாணப் பெண்போல நடந்துபோனாள்.

அவர் அரைச்சதத்தை உள்ளங்கையில் வைத்து, இராணியின் முகத்தில் பெருவிரலை அழுத்தித் தேய்த்தார்.

“அண்ணை, விளிம்பிலை...” என்றேன், பழக்கதோசத்தில்.

“இனி எங்கை பிடிச்சால் என்ன.”

அடுத்த கிழமை வீட்டில் பறை முழங்கியது. இப்போது காசுகள் அவருடைய படத்துக்குக் கீழே கண்ணாடித் தட்டில் இருக்கின்றன. பொங்கலுக்குப் பொங்கல் அக்கா மினுக்குகிறாள். பனை ஏறக்குறைய மறைந்துவிட்டது. போன வருசம் காசு தெரிந்த, அவருடைய தங்கை மகன் ஒருவன் இலண்டனிலிருந்து வந்து தட்டைப் பார்த்து வாயைத் திறந்தான். அவன் காலை ஓங்கி மிதித்தேன். இன்றுவரை என்னை விசரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மிதிக்காமல் என்ன செய்ய. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்து வாசல்வரை வந்துவிட்ட என்னை அவர் கைகாட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன். அக்கா போன பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, காதோடு சொன்னார்:

“ஆரும் கேட்டால், பிழை ஒண்டும் இல்லையெண்டு சொல்லும்.”