மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே வீட்டு எண்ணில்

செங்கல்,
ஏப்ரல் 22

பெருமதிப்பிற்குரிய ராஜப்பன் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் செல்லையன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் கார்த்தியாயினியும் மகள் பிந்துஜாவும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே வழக்கில், உடம்புக்குக் கேடில்லாமல் இருக்கிறோம். பனச்சமூட்டில் அக்காளின் முட்டுவலி குறைந்திருக்கும் என்றும், தங்கள் காது இதற்குமேல் குறையவில்லை என்றும் நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். தங்களுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினால் அது பிந்துஜாவுக்கும் கேட்கும். அவளுக்குக் கேட்கக் கூடாத சங்கதி என்பதால் தாளை எடுத்தேன்.

விதைப் பண்ணையில் பத்தொன்பது வருடமாக நான் தினக்கூலிக்குப் பம்பு ஓட்டுவதும், நிரந்தரமாக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும், அதற்குண்டான சத்தியவாக்குமூலத்தை, நிலத்துக்கு ஆதாரப் பத்திரம் எழுதிப் பழகிய கையால், தாங்களே எழுதித் தந்ததும் தங்களுக்குத் தெரியும். வழக்கு முடியும்வரை அந்த இடத்தில் வேறு ஆளை எடுக்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்ட அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். பிந்துஜா இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். அந்த இடம் நம்ம ஆட்களுக்கு ஒதுக்கிய முறையில் வருவது என்பதும், பி.எஸ்.சி. தேர்வாணையப் பட்டியலில் அந்த ஒதுக்கீட்டில் அடுத்து நிற்கிறவள் அவளேதான் என்பதும், பாயசம் செரித்து மூன்று மாதம் கழிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தெரிந்த விதத்தைக் கேளுங்கள். தபால்காரன் நிபின் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "மாமா, அனுப்பினதும் ஒங்க வீடு, வாங்குறதும் ஒங்க வீடு. நான் எதுக்கு இந்த வெயிலில வண்டி ஓட்டிட்டு வந்தேன்? அடுக்களையில வச்சே கைமாத்தி இருக்கலாம் இல்லியா" என்றான். இங்கிலீசில் இருந்ததால், வாசித்து அர்த்தம் சொல்லப் பிந்துஜாவையே கூப்பிட்டேன். என் வழக்கில் எனக்கு எதிராக அவளும் ஒரு கட்சிக்காரியாகச் சேர்ந்திருக்கிறாள். கண்ணிமைக்காமல் வாசித்தாள். பரீட்சை எழுதாமல் பின்வாசல் வழியாக நுழையப் பார்ப்பவர் என்று ஒரு வரி வந்தது.

"இந்தப் பின்வாசல்காரன் ஆரு மக்களே?"

"நீங்கதான் அப்பா."

"ம். மேல வாசி."

அந்தப் பண்ணைக்கு ஒரே வாசல்தான் உண்டு அத்தான். அதையும் காலையில் திறப்பவன் நான்.

அதோடு விட்டாளா? நூற்றெழுபத்தொன்பது நாள் வேலை பார்த்தால் தினக்கூலிக்காரனை ஒருநாள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தொடர்ந்து வேலை செய்தான் என்று உரிமை வந்துவிடும். ஆனால் நாற்றுக்குத் தண்ணீர் அன்றைக்கும் வேண்டுமே. அதனால் அந்த ஒருநாள் மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பட்டியலில் கார்த்தியாயினி பேர் ஏறும், பம்பு ஓட்டுவது நானாக இருப்பேன். கார்த்தியாயினி கையெழுத்துப் போட்டால் கோழி கிளறியது போலிருக்கும் என்று, நாலாம் வகுப்பில் படித்த பிந்துஜாவை வைத்து அழகாகப் போடவைத்த புத்திசாலி யார் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த நாட்களை எல்லாம் தேதி வாரியாக எழுதி, என் சேவை முறிந்துபோனது என்று கோர்ட்டில் கொடுத்திருக்கிறாள். 'ஒருநாள்கூட முறியாமல்' என்று தாங்கள் எழுதிய வாசகத்துக்கு இனி கேள்வி வந்தால், அதை நான் சொல்லித்தான் எழுதினீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம்.

பதில் கொடுக்க எர்ணாகுளம் கோர்ட்டுக்குப் போனேன். அதே ரயிலில் அவளும் வந்தாள். கார்த்தியாயினி இரண்டு பேருக்குமாக ஒரே பொதிச்சோறு கட்டிக் கொடுத்தாள். "ஆரு ஜெயிச்சாலும் கஞ்சி வைக்கப் போறது நானாக்கும்" என்பது அவள் தீர்ப்பு. கோர்ட் வராந்தாவில் இலையைப் பிரித்து, மீன் துண்டை அவள் என் பக்கம் தள்ள, நான் அவள் பக்கம் தள்ள, என் வக்கீல் வந்து பார்த்துவிட்டு, "எதிர்க்கட்சியோட சமரசமா?" என்று முகம் கறுத்தார். "இல்ல சார், சாளை மீன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பாறசாலை வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி என்றாள்.

நேற்று பண்ணை சூப்பிரண்டு ஆனந்தபாய் மேடம் என்னைக் கூப்பிட்டு, "செல்லையா, உன் தடை நிக்கிறவரைக்கும் இடம் ஒழிவா கெடக்குன்னு நான் பி.எஸ்.சி.க்கு எழுத முடியாது. இந்த மாசம் முப்பதோட பட்டியல் தீருது. பிறகு உன் மோளு படிச்சதெல்லாம் வெறும் படிப்பாக்கும்" என்றார். எனக்கு ஐம்பத்துமூன்று. ஜெயித்தாலும் மூன்றே வருட உத்தியோகம். அவளுக்கு இருபத்தெட்டு. கணக்கு எனக்கே புரிகிறது. ஒரு ஆசைதான் இருந்தது. நிரந்தரக்காரர்கள் தினமும் கையொப்பமிடும் நீலத் துணி அட்டை போட்ட ரெஜிஸ்டர் மேடத்தின் மேசையில் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அதைத் துடைத்து வைக்கிறேன், ஒருநாள் திறந்து என் பேருக்கு நேரே கையொப்பமிட வேண்டும் என்று. அது பெரிய விஷயம் இல்லை.

ஆகவே, வழக்கை வாபஸ் வாங்க ஒரு விண்ணப்பம் எழுதி உடனே அனுப்புங்கள். காரணம் என்ற இடத்தில் உடல்நலக் குறைவு என்று போட்டால் போதும். பிந்துஜாவுக்குத் தெரிய வேண்டாம். தகப்பன் விட்டுக்கொடுத்தான் என்று தெரிந்தால் அவள் அந்த வேலையில் நிம்மதியாக உட்கார மாட்டாள்.

அக்காளுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு எந்தக் கோர்ட் படியும் ஏறாத ஆயுசு கிடைக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
செல்லையன்

பின்குறிப்பு: மே 1. விண்ணப்பம் எழுத வேண்டாம் அத்தான். கடிதத்தை அனுப்பாததற்குக் காரணமாக வேலை நெருக்கடி, மழை, தபால்தலை கிடைக்கவில்லை என்று என்னவெல்லாமோ எழுதிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. இந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் தபால் பெட்டியைத் தாண்டிப் போனேன். பட்டியல் நேற்றோடு தீர்ந்தது. காலையில் பிந்துஜா என் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துத் தந்து, "இனி நீங்க ஜெயிச்சாவது வாங்கப்பா" என்றாள். இப்போது நான் ஜெயிக்க வேண்டும் அத்தான். 'ஒருநாள்கூட முறியாமல்' என்பதற்கு வேறு ஏதாவது வாசகம் உண்டா என்று யோசித்து எழுதுங்கள்.