இறங்கக் கூடாத கோடு

கணினித் திரையில் சிவப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. அது இறங்கவே கூடாத கோடு.

குற்றாலத்தில் மூன்று மாடி லாட்ஜ் கட்டும் கம்பெனியில் ஷஹானா திட்டப் பொறியாளர். வரவேண்டிய ஆட்களை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் நீலக் கோடு. வந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் சிவப்புக் கோடு. கூட்டிக்கொண்டே போகிற கணக்கு எப்படி இறங்கும்? இறங்கினால், கட்டிய சுவரை யாரோ இடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதாக அர்த்தம்.

"தளவாய் அண்ணாச்சி, இங்கன வாங்க. இது என்ன, மைனஸ் முப்பத்தொண்ணு?"

சைட் சூப்பர்வைசர் தளவாய் வந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஆள் வருகையைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை.

"சீசன் தொடங்கி இருபது நாளாச்சுல்லா மேடம். நாப்பது பேர்ல முப்பத்தோரு பேரு, அருவிக்குக் குளிக்க வாரவங்களுக்கு எண்ணெ தேய்ச்சுவிடப் போயிட்டானுவ. வந்தவன கூட்டுதோம். அப்ப வராதவன கழிக்கணும்லா?"

"அப்படிக் கழிச்சா போன மாசம் வந்தவன் பாத்த வேலையும்லா கழியுது!"

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா மேடம்," என்றார் தளவாய்.

அவரோடு நியாயம் பேச நேரமில்லை. சென்னை அலுவலகத்து ஜோயல் நேற்றுதான் போனில் கிசுகிசுத்திருந்தான். "அக்கா, ராஜஸ்தான் சைட்டுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஆளை எடுக்கப் போறாங்க. ஜி.எம். சபேசன் சார் சைட் சைட்டா போய் கோட்டைப் பாக்குறாரு. நாளைக்கு உங்க சைட்."

யாரை எடுப்பார்கள் என்று கேட்கவா வேண்டும்? கோடு கோணலாக இருக்கிறவரைத்தான். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது அதற்குத்தானே.

சவூதியில் தம்மாமிலிருந்து கணவன் அல்தாப் வர இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு நாற்பது நாள் லீவு. மகளுக்கு வாப்பாவைப் போன் திரையில்தான் தெரியும். அந்த நாற்பது நாளும் தான் ராஜஸ்தானில் செங்கல் எண்ணிக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

மணி ஒன்பதே கால். சார் பத்து மணிக்கு வருகிறார்.

முதலில் உண்மையைப் போட்டுப் பார்த்தாள். மைனஸ் முப்பத்தொன்றை அழித்துவிட்டு, இருபது நாளுக்கும் ஒன்பது, ஒன்பது என்று அடித்தாள். சிவப்புக் கோடு இறங்குவதை நிறுத்திவிட்டுக் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டது. நீலக் கோடு தலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"உண்மைய எழுதினா வேலை போயிரும் போலுக்கே," என்றார் தளவாய், பின்னால் நின்று.

சரி, பொய்தான் வழி. அதையும் நம்பும்படி சொல்ல வேண்டும். முதல் நாள் முப்பத்தெட்டு, மறுநாள் நாற்பது என்று அடித்துவிட்டு, இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பிடித்துக் கீழே இழுத்தாள். கணினி தன் புத்தியைக் காட்டியது. நாற்பத்திரண்டு, நாற்பத்துநாலு என்று தானாக ஏறி, இருபதாம் நாளில் எழுபத்தாறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தியது. சிவப்பு நீலத்தைத் தாண்டிப் பறந்தது.

"யா அல்லாஹ்!"

"எழுபத்தாறு பேரா! நிக்கவே எடம் இருக்காதே மேடம்," என்றார் தளவாய் உண்மையான கவலையோடு.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்! ஷஹானா நீலக் கோட்டின் எண்களை அப்படியே எடுத்துச் சிவப்பின் இடத்தில் ஒட்டினாள். சிவப்பு நீலத்துக்கடியில் ஒளிந்துகொண்டது. பிரிண்ட் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, பின்பக்கமா வண்டிய எடுங்க. அருவிக்குப் போயி நம்ம ஆளுவ அத்தன பேரையும் கூட்டிட்டு வாங்க."

"பாதிப்பேரு கையில ஆளு கிடக்குமே மேடம்."

"கிடக்கவங்கள எந்திச்சுப் போகச் சொல்லுங்க!"

சபேசன் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, தாளைக் கையில் வாங்கினார். கோட்டின் மேல் விரலை வைத்து நுனிவரை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு கோடுதான் இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணா போகுது சார்."

"ஒரு ஆள்கூட முந்தல, பிந்தல?"

"இல்ல சார்."

"சீசன்லகூடவா?"

"சீசன்லயும் சார்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "ஆளுங்களப் பாக்கலாமா?"

நாலு செங்கல், ரெண்டு கம்பி, ஒரு ஜன்னல் என்று நின்று நின்று விளக்கி அரை மணி நேரத்தை ஓட்டியபின்தான் ஷஹானா அவரை மாடிக்கு ஏற்றினாள். ஏறியதும் மூச்சு வந்தது. நாற்பது பேரும் நின்றார்கள். ஆனால் முப்பத்தொரு பேர் வெற்றுடம்பில் எண்ணெய் மினுமினுக்க, கையில் கரண்டியோடு நின்றார்கள். ஒருவன் இடுப்பில் எண்ணெய் பாட்டில் அப்படியே இருந்தது. சபேசன் பக்கத்தில் வந்ததும் மசூது கொத்தனாரின் கை, பழக்கதோஷத்தில், அவர் தோளைப் பிடித்து அமுக்கியது.

"நல்லா இறுகிக் கிடக்கு சார்."

"சுவர்ப் பூச்சச் சொல்லுதாரு சார்!" ஷஹானா கிட்டத்தட்ட அலறினாள்.

சபேசன் தோளில் பட்ட ஈரத்தைத் தடவிப் பார்த்தார். மினுங்கும் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஷஹானா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தச் சாரல்லயும் எப்படி வேர்க்குது பாருங்க," என்றார் அவர், குரல் தழுதழுக்க. "இதுதாம்மா உழைப்பு!"

போகும்போது அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கார் மறைந்ததும் ஷஹானா மணல் குவியலிலேயே உட்கார்ந்து தம்மாமுக்குப் போன் போட்டாள்.

"மச்சான், டிக்கெட் போட்டாச்சுல்லா? தைரியமா வாங்க. நான் இங்கனதான் இருப்பேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. தளவாய் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சற்று நேரத்தில் அதே கார் திரும்பி வந்தது. டிரைவர் பால்வண்ணநாதன் இறங்கி உள்ளே போய், சார் மறந்துபோன குடையை எடுத்துவந்தார். காருக்குப் போகாமல் நேராக ஷஹானாவிடம் வந்து நீட்டினார்.

"இத உங்களுக்கே குடுக்கச் சொன்னாரு மேடம், ராஜஸ்தான் வெயிலுக்கு ஆகுமாம், வேல பிந்திக் கிடக்க சைட்ல ஆள எடுக்கப்படாதுன்னு உத்தரவாம், பிந்தாம இருக்கது நீங்க ஒருத்தர்தானாம்."